கோளாறு வன்பொருளிலா, இயங்குதளத்திலா? வீட்டுக் கணினியில் பிரித்தறியும் முறை

கோவை காந்திபுரத்துக் கணினிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "ஏனுங்க, விண்டோஸ மறுபடி போட்டுட்டாச் சரியாயிருங்களா, இல்லைன்னா புதுசே வாங்கிக்கறது நல்லதுங்களா?" கேட்பவர் ஒரு சிக்கலுக்கு இரண்டு தீர்வுகளை எடைபோடுவதாக நினைக்கிறார். ஆனால் விண்டோஸை மறுபடி போடுவது இயங்குதளத்தைத் தொடும் வேலை. புதிது வாங்குவது வன்பொருளை மாற்றும் வேலை. கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் அது வீண் செலவாக முடியக்கூடும். ஒரு பென் டிரைவும் ஓய்வான ஒரு பிற்பகலும் இருந்தால், கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பெருமளவு பிரித்தறிந்துவிடலாம்.

முதலில் வேலைப் பிரிவினையைப் புரிந்துகொள்ள வேண்டும். திருமூர்த்தி அணையிலிருந்து பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட வாய்க்காலில் வரும் தண்ணீர், நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்ட பாசனப் பரப்புக்கு முறை வைத்துத் திறந்துவிடப்படுகிறது. அணையில் எவ்வளவு நீர் நிற்கிறது, வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பவற்றை முறை வைப்பவர் மாற்ற முடியாது. ஆனால் இருக்கும் நீர் கடைமடை வரை போய்ச் சேருமா என்பது முறை வைப்பதில்தான் இருக்கிறது. கணினியில் செயலியும் (பிராசசர்), ரேம் என்னும் நினைவகமும், கோப்புகளைச் சேமிக்கும் வட்டும் அணையும் வாய்க்காலும் போன்றவை. எந்த நிரலுக்கு எத்தனை மில்லி விநாடி செயலி, எதற்கு எவ்வளவு நினைவகம், வட்டில் எந்தக் கோப்பு எங்கே, பிரிண்டரோடு எந்த மொழியில் பேசுவது என்று முறை வைப்பது இயங்குதளத்தின் வேலை.

முறை வைப்பது அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா என்று ஐயம் எழலாம். 1984-இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டோஷ், 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி., அதே ஆண்டில் வந்த கொமடோர் நிறுவனத்தின் அமிகா ஆகிய மூன்றிலும் இருந்தது மோட்டரோலா 68000 என்ற ஒரே வகைச் செயலிதான். வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மெக்கின்டோஷும் அட்டாரியும் தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே ஓட்டின. அமிகாவோ முதல் நாளிலிருந்தே பல நிரல்களைச் சேர்த்து ஓட்டியதோடு, ஒரு நிரல் விட்டுக்கொடுக்காவிட்டாலும் அதனிடமிருந்து செயலியைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கவும் தெரிந்து வைத்திருந்தது. இந்தத் திறமை முழுக்க அதன் இயங்குதளத்தைச் சேர்ந்தது. அதே அமிகாவில் எல்லோரும் வியந்த படமும் ஒலியும் தனியாக வடிவமைக்கப்பட்ட சில்லுகளிலிருந்து வந்தவை. அவை வன்பொருளின் சொத்து. ஒரு கணினி எதனால் சிறப்பாக இருக்கிறது என்று கேட்டால் இப்படித்தான், ஒவ்வொரு திறமையாக எடுத்து, இது யாருடையது என்று பிரித்துக் கேட்க வேண்டும். கோளாறுக்கும் இதே முறைதான்.

இயங்குதளமே இல்லாத இடத்தில் தொடங்குங்கள்

கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் எழும் முன்பே, எஃப்2 அல்லது டெலீட் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பயாஸ் திரை வரும்; புதிய கணினிகளில் இதன் பெயர் யு.இ.எஃப்.ஐ. விசை பிடிபடாவிட்டால் விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுத்து, பிழைதிருத்தப் பட்டியல் வழியாகவும் இங்கே வரலாம். இந்தத் திரை தோன்றும்போது விண்டோஸும் இல்லை, அதைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸும் இல்லை. தாய்ப்பலகையின் (மதர்போர்டு) சில்லில் எழுதி வைத்த சிறு நிரல் மட்டுமே இயங்குகிறது. ஆகவே இங்கே தெரியும் எந்தக் குறைக்கும் இயங்குதளத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

பொருத்திய ரேம் முழு அளவில் காட்டப்படுகிறதா, ஹார்ட் டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டின் பெயரே இங்கு இல்லையென்றால், எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் பயனில்லை. கேபிளோ வட்டோ போய்விட்டது என்று பொருள். பிறகு அந்தத் திரையிலேயே கணினியை அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். திரை நடுங்கினால் மானிட்டரையோ அதன் கேபிளையோ, கணினி தானாக அணைந்தால் மின்வழங்கியையோ வெப்பத்தையோ ரேமையோதான் ஐயப்பட வேண்டும். மாலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கும் தோட்டத்து வீடுகளில், யு.பி.எஸ். பேட்டரி தேய்ந்துபோனதைக் கணினியின் கோளாறாக எண்ணிக்கொள்வதும் உண்டு, யு.பி.எஸ்.ஸை விலக்கி வேறு இணைப்பில் ஒருமுறை சோதிப்பது நல்லது.

கணினி எப்படி நிற்கிறது என்பதும் ஒரு தடயம். நீலத் திரை தோன்றி நின்றால், இயங்குதளம் எதையோ கண்டுபிடித்து, ஒரு குறியீட்டையும் எழுதி வைத்துவிட்டு நிற்கிறது. அந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம், இயங்குதளம் ஒரு வன்பொருளோடு பேச உதவும் சிறு நிரலான டிரைவராகவும் இருக்கலாம், பழுதான ரேமாகவும் இருக்கலாம். எந்தச் சொல்லும் இல்லாமல் சட்டென்று இருண்டுபோனால், இயங்குதளத்துக்கே செய்தி தெரியவில்லை. அது பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூட்டின் வேலை.

கடிகாரம் சொல்லும் இரண்டு கதைகள்

பயாஸ் திரையில் இருக்கும்போதே தேதியையும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். கணினியை அணைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகிறதென்றால், தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இக்குறை முதலில் வெளிப்படுவது இணைய உலாவியில்தான். தேதி தவறாக இருப்பதால் வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி மறுக்க, வீட்டில் உள்ளவர்கள் "வைரஸ் வந்துவிட்டது" என்று முடிவு செய்து விண்டோஸை மாற்றப் போய்விடுகிறார்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு சிறு பேட்டரியோடு முடிய வேண்டிய வேலை அது.

ஆனால் நேரம் துல்லியமாக 5 மணி 30 நிமிடம் விலகி நின்றால், அது பேட்டரி அல்ல. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போருக்கு இது நேரும். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளுமாறு லினக்ஸின் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது.

விண்டோஸுக்குள் பார்க்க வேண்டியவை

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் வரைபடங்கள் இருக்கும். கணினி எப்போது இழுத்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த நேரத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

வட்டு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு, செயலி சும்மா இருந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கே இடைஞ்சல் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அத்தகைய வட்டில் ஊசி போன்ற தலை ஒவ்வோர் இடமாக நகர்ந்து படிக்க ஏறத்தாழ பத்து மில்லி விநாடி எடுப்பதால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே பெரிது, சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டான எஸ்.எஸ்.டி. இதே வேலையில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொடும். இன்றைய விண்டோஸ் பின்னணியில் ஓயாமல் சிறு கோப்புகளைப் படித்து எழுதும்படி அமைந்திருக்கிறது. சுழலும் வட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. இங்கே கோளாறு எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தத்தில் என்பதே நேர்மையான விடை. மாற்றுவதற்கு எளிது வன்பொருள். பழைய கணினியில் ஒரே ஒரு செலவு செய்யக் கையில் பணம் இருந்தால், அதை எஸ்.எஸ்.டி.க்குச் செய்யுங்கள் என்பது என் கருத்து. அதற்கு அடுத்ததுதான் ரேம்.

நினைவக வரைபடம் உச்சியில் நின்றால், ப்ராசஸஸ் பகுதியிலுள்ள நிரல்களின் பட்டியலில் எது தின்கிறது என்று பார்க்கலாம். தேவையற்ற நிரல்கள் தொடக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்திருந்தால் ஸ்டார்ட்அப் பகுதியில் அவற்றை நிறுத்தி வைப்பது செலவில்லாத வைத்தியம்.

செயலி வரைபடத்தின் கீழே இருக்கும் வேகத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதப்பட்ட செயலி, கடும் வேலையின்போது 0.8-இல் நின்றால், அது பெரும்பாலும் சூடு தாங்காமல் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது. நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கத்தில் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளிலும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு மாடியில் இருக்கும் அலுவலறைகளிலும் காற்றில் மிதக்கும் பஞ்சு, மின்விசிறி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் விசிறியின் இறக்கைகள் பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருக்கும். விசிறியின் நான்கு திருகுகளையும் கழற்றித் தூக்கினால்தான், அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் படலம் கம்பளித் துண்டுபோலப் படிந்து, காற்றை முழுதாக அடைத்திருப்பது தெரியும். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, இந்தப் படலத்தை விரலால் உரித்தெடுத்து, மீதியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். காற்றூதியை (புளோயர்) பயன்படுத்தினால் விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். செயலிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே தடவியிருக்கும் வெப்பப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் புதிதாகத் தடவுங்கள். விண்டோஸை மாற்றியும் தீராத மந்தம் இந்தப் பஞ்சோடு போய்விடக் கூடும்.

அதே கணினியில் வேறோர் இயங்குதளத்தை எழுப்புதல்

இதுவே முதன்மையான சோதனை. வன்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால், எது யாருடைய குறை என்பது வெளிப்படும். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தின் கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்னும் சிறு நிரலால் பென் டிரைவில் எழுதுங்கள். கணினியை மறுபடி இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஃப்11, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து எழச் சொல்லுங்கள். திரை வந்ததும் 'இன்ஸ்டால்' என்ற படத்தைத் தொடவே வேண்டாம். வட்டில் எதையும் எழுதாமல் நினைவகத்திலேயே இயங்கிப் பார்க்கலாம்.

எழுந்து வர நேரம் எடுத்தால் கணக்கில் கொள்ளாதீர்கள், அது பென் டிரைவின் மெதுவு. எழுந்தபின் உலாவியில் சில பக்கங்களைத் திறந்து, ஒரு காணொளியை ஓடவிட்டு, ஒலி, வைஃபை, கேமரா, ஒவ்வொரு யு.எஸ்.பி. துளை என்று சோதியுங்கள். விண்டோஸில் வேலை செய்யாத ஒலி இங்கே கேட்டால், ஒலிச் சில்லு நலமாக இருக்கிறது, விண்டோஸின் டிரைவர்தான் கெட்டிருக்கிறது. இரண்டிலும் கேட்காவிட்டால் சில்லையோ ஸ்பீக்கரையோ பார்க்க வேண்டும். விண்டோஸில் வேலை செய்யும் வைஃபை இங்கே தெரியாவிட்டால், அந்தச் சில்லுக்கு லினக்ஸில் டிரைவர் சேரவில்லை என்பதே செய்தி.

ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடினால், "ஆகா, விண்டோஸ்தான் குற்றவாளி" என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். ஆனால் இப்போது ஹார்ட் டிஸ்க் வேலையே செய்யவில்லை. பழுதான வட்டு இந்த இடத்தில் ஒளிந்துகொள்ளும். ஆகவே லினக்ஸுக்குள்ளிருந்தே வட்டைத் திறந்து, பெரிய காணொளிக் கோப்பு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்ஸ் என்னும் நிரலில், வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளையும் பாருங்கள். மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள், நிலுவையில் உள்ள பகுதிகள் ஆகிய இரண்டு வரிகளில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், படங்களையும் கணக்குகளையும் அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ரேமில் ஐயம் இருந்தால் மெம்டெஸ்ட்86+ என்ற நிரல், இயங்குதளம் ஏதும் இல்லாமலே இரவு முழுதும் ஓடிச் சோதித்துச் சொல்லும்.

நம் வீடுகளில் பலருக்கு இந்த ஒப்பீடு பல ஆண்டுகளுக்கு முன்பே கையில் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பரண்மேல் அப்படி ஒன்று இருந்தால், மேற்சொன்ன சோதனைகளைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல கணினி இல்லை.

பொய்யாகப் பழி ஏற்கும் வன்பொருள்

சில குறைகள் வன்பொருளில் இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் அல்ல. 8 ஜி.பி. ரேம் போட்டும் ஏறத்தாழ 3 ஜி.பி.தான் பயன்படுகிறது என்று விண்டோஸ் காட்டினால், கடைக்காரர் ஏமாற்றவில்லை. நிறுவப்பட்டிருப்பது 32 பிட் விண்டோஸ், அதற்கு 4 ஜி.பி.க்கு மேல் எட்டாது. 64 பிட் பதிப்பை நிறுவினால் முழு ரேமும் தெரியும். கல்யாண வீடியோ கோப்பு ஒன்று 5 ஜி.பி. இருக்க, 16 ஜி.பி. காலியாக உள்ள பென் டிரைவில் ஏற மறுத்தால், பென் டிரைவ் கெட்டுவிடவில்லை. அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். 1 டி.பி. என்று வாங்கிய வட்டை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டுவதும் இந்த வகையே. வட்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதே வட்டை மேக் கணினியில் செருகினால் 1 டி.பி. என்றே காட்டும்.

தமிழ் எழுதுவோர் அடிக்கடி தடுமாறுவது விசைப்பலகையில். "தமிழ் விசைப்பலகை எங்குங்க கிடைக்கும்?" என்று தேடுவோர் இருக்கிறார்கள். விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எச் என்று அச்சிட்ட விசையை அழுத்தினால், எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அது அனுப்புகிறது. அதைக் 'க' என்று கொள்வதா, வேறொன்றாகக் கொள்வதா என்பது இயங்குதளத்தில் நீங்கள் தேர்ந்த அமைப்பைப் பொறுத்தது: தமிழ்99 அமைப்பில் அந்த விசை 'க', பழைய பாமினி எழுத்துருவில் அதே விசை ஆகாரத்துக்குரிய கால். ஆகவே புது விசைப்பலகை வாங்காமல், மொழி அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொண்டாலே போதும். பழைய பாமினிக் கோப்புகள் எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவதும் திரையின் குறை அல்ல. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுவிட்டது. அதற்குப் பின்னும் அச்சகங்களில் பாமினி நீடிப்பது பழக்கத்தின் பிடி.

விண்டோஸ் 11 மறுக்கும் கணினி

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும்; இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் அந்தப் பட்டியலில் உள்ளன. "உங்கள் கணினி தகுதியற்றது" என்று திரை சொன்னதும் புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். டி.பி.எம். வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கக் கூடும், யு.இ.எஃப்.ஐ. திரையில் இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும் அமைப்பை இயக்கிப் பாருங்கள். அதற்கு முன் வட்டில் பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். அமைப்பு மாறியதும் கணினி அதைக் கேட்கலாம்.

செயலியே பட்டியலில் இல்லையென்றால், நன்றாக ஓடும் வன்பொருளை இயங்குதளம் ஏற்க மறுக்கிறது என்பதுதான் நிலைமை. இணையம், படிப்பு, கடிதம், படம் பார்ப்பது ஆகியவற்றோடு வேலை முடிகிற வீட்டில் லினக்ஸுக்கு மாறிவிடலாம், தயக்கம் தேவையில்லை. ஆனால் வீட்டிலேயே கணக்கு எழுதும் சிறு தொழிலாக இருந்தால் பொறுங்கள். டேலி என்னும் கணக்கு நிரல் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, ஜி.எஸ்.டி. தாக்கலுக்குச் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் பெரும்பாலும் விண்டோஸில்தான் சிக்கலின்றி நடக்கின்றன. அத்தகையோருக்குத் தேவை அந்த இயங்குதளம். வன்பொருளை அதற்கு ஏற்றதாக மாற்றிக்கொள்வதே வழி.

கடைசியாக, கடையில் தாய்ப்பலகையை மாற்றச் சொல்லும் முன் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தத் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது. பலகை மாறினால் அந்த உரிமம் கூட வராது. தனியாக விலை கொடுத்து வாங்கிய உரிமமாக இருந்தால், பலகையைக் கழற்றும் முன்பே அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். எது உங்களுடையது என்பதைப் பழைய ரசீதில் பார்த்துக்கொண்டு, புதுப் பலகையின் விலையோடு புது உரிமத்தின் விலையும் சேருமா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.